கர்ப்பத்தில் சேரும் மாசு, பிள்ளைக்குப் பிற்காலத்தில் சுகரும் தொப்பையுமாக வருமா?

வைகைக்கரை எழுதியது:

ரொம்ப நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிற விஷயம். இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருப்பதால் போட்டுவிடுகிறேன்.

கலிஃபோர்னியாவில் ஓக்லாந்து வட்டாரத்தில் 1959 முதல் 1967 வரை 15,000 கர்ப்பிணிகளுக்கு மேல் ஓர் ஆய்வில் சேர்த்து, ரத்தம் எடுத்து, உறைய வைத்துப் பத்திரப்படுத்தினார்கள். டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி அங்கே தாராளமாகப் புழங்கிய காலம் அது, 1972-ல்தான் தடை வந்தது. பல பத்தாண்டு கழித்து பார்பரா கோன் குழு அந்த ரத்தத்தை எடுத்துச் சோதித்தது. 2015-ல் வந்த முடிவு மகள்களைப் பற்றியது: அம்மாவின் ரத்தத்தில் டி.டி.டி. மிக அதிகமாக இருந்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. 2021-ல் வந்ததுதான் என்னை உட்கார வைத்தது. அது பேத்திகளைப் பற்றியது. பாட்டியின் ரத்தத்தில் டி.டி.டி. அதிகம் என்றால் பேத்திக்கு உடல் பருமன் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு. சின்ன வயதிலேயே வயதுக்கு வருவதும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதிலும் பாட்டி குண்டாக இல்லாத குடும்பங்களில்தான் இந்தத் தொடர்பு பலமாகத் தெரிகிறது.

பேத்தி வரைக்கும் எப்படி என்றால், பெண் சிசு வயிற்றுக்குள் இருக்கும்போதே அதற்கான கருமுட்டைகள் உருவாகிவிடுகின்றன. பாட்டி அம்மாவைச் சுமந்த அந்த மாதங்களில் மூன்று பேருமே ஒரே உடம்புக்குள் இருந்திருக்கிறார்கள். 

நம் நாட்டில் விவசாயத்துக்கு டி.டி.டி.யைத் தடை செய்தது 1989-ல். மலேரியா ஒழிப்புக்கு அதன் பிறகும் அனுமதி. வீட்டுச் சுவரெல்லாம் வெள்ளையாக அடித்துவிட்டுப் போவார்கள், பலருக்கு நினைவிருக்கும். இன்றைக்கு நாற்பது வயதிலேயே வீட்டுக்கு ஒரு மாத்திரை டப்பா இருப்பதில் இதற்கும் ஒரு பங்கு இருக்குமா? எவ்வளவு தூரம் நம்பலாம்?


சராசரிமனிதன் எழுதியது:

மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று வந்தாலே எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். ரத்தத்தில் டி.டி.டி. அதிகம் இருந்த பாட்டி வேறு எதிலெல்லாம் வித்தியாசப்பட்டவர்? எங்கே குடியிருந்தார், என்ன சாப்பிட்டார், வருமானம் என்ன? இதையெல்லாம் கணக்கில் சரிக்கட்டினோம் என்று எல்லா ஆய்விலும் எழுதுவார்கள். சரிக்கட்ட முடிந்ததை மட்டும்தான் சரிக்கட்டியிருப்பார்கள்.

நம் ஊர் சுகருக்கு மூன்று வேளை வெள்ளைச் சோறு, ராத்திரி பரோட்டா, நாள் பூரா நாற்காலி என்று காரணம் கண்ணெதிரே நிற்கும்போது கருப்பைக்குள் போய் எதைத் தேடுகிறோம்?


எலிக்கூண்டு எழுதியது:

சராசரி அண்ணா, வருமானம், சாப்பாடு, குடியிருப்பு என்ற குழப்பம் எதுவும் இல்லாத ஓர் இடம் இருக்கிறது, அது என் வேலையிடம். எலிகளுக்கு ஏழை பணக்காரன் கிடையாது.

2014-ல் மிஷேல் லா மெரில் குழு கருவுற்ற சுண்டெலிகளுக்கு டி.டி.டி. கொடுத்து, பிறந்த குட்டிகளைப் பெரிதாகும் வரை தொடர்ந்து பார்த்தது. பெண் குட்டிகளுக்கு உடல் சூட்டை உண்டாக்கும் திறன் குறைந்திருந்தது, அதாவது தின்றதை எரிப்பது குறைவு. பெரிதானபின் கொழுப்பு நிறைந்த தீனி போட்டார்கள், இன்சுலின் எதிர்ப்பு, அதாவது உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாத நிலை வந்துவிட்டது. டி.டி.டி. படாத எலிகளும் அதே தீனியைத்தான் தின்றன, அவை அந்த அளவுக்குக் கெடவில்லை. ஆக நீங்கள் சொன்ன பரோட்டாவும் பொய்யில்லை, கருப்பையும் பொய்யில்லை. ஒன்று ஏற்கெனவே பலவீனப்படுத்தி வைத்த இடத்தில் இன்னொன்று வந்து அடிக்கிறது.

இதைவிடத் தெளிவான கதை ட்ரைபியூட்டைல்டின், சுருக்கமாக டி.பி.டி. கப்பலின் அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருக்கப் பெயிண்டில் கலந்தது. 2006-ல் ஃபெலிக்ஸ் குரூன், புரூஸ் பிளம்பெர்க் இருவரும் காட்டியது என்னவென்றால், கொழுப்புச் செல் உருவாக உத்தரவிடும் பி.பி.ஏ.ஆர். காமா என்ற ஏற்பியை இந்த வேதிப்பொருள் போய் நேரடியாக முடுக்கிவிடுகிறது. எலும்பாகவோ கொழுப்பாகவோ மாறக்கூடிய ஸ்டெம் செல் கொழுப்புப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. வயிற்றிலிருக்கும்போது பட்டால் போதும், குட்டி பெரிதானபின் கொழுப்பு கூடுதல். மனிதர்களில் கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை வளரிளம் பருவத்தோடு ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது, அப்புறம் மெலிந்தால் செல் சுருங்குமே தவிர எண்ணிக்கை குறையாது. அதனால்தான் ஆரம்பக் காலத்து வேதிப்பொருளுக்கு இவ்வளவு செல்வாக்கு.

2017-ல் அதே பிளம்பெர்க் குழு, கருவுற்ற எலிக்கு மட்டும் தண்ணீரில் டி.பி.டி. கலந்து கொடுத்துவிட்டு, பின்வந்த தலைமுறை எதற்கும் கொடுக்காமல், நான்காம் தலைமுறை ஆண் எலிகளிடம் கொழுப்பு கூடியிருப்பதைக் காட்டியது.


பழையசோறு எழுதியது:

கப்பலுக்கு அடிக்கிற பெயிண்டுக்கும் தொப்பைக்கும் சம்பந்தம். நல்லாயிருக்கிறது சார்.


எலிக்கூண்டு எழுதியது:

சிரிக்கலாம், ஆனால் அந்தப் பெயிண்டை உலகம் முழுக்கத் தடுக்கும் ஒப்பந்தம் 2008-ல் அமலுக்கு வந்துவிட்டது. தடுத்தது தொப்பைக்காக இல்லை, நத்தைகளுக்காக. பெண் கடல்நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைக்க ஆரம்பித்ததால்.


சராசரிமனிதன் எழுதியது:

எலி சரி. எலிக்குக் கொடுக்கும் அளவும் மனிதர்களுக்குச் சேரும் அளவும் ஒன்றா? டி.பி.டி.க்கு மனிதச் சான்று எங்கே?


எலிக்கூண்டு எழுதியது:

டி.பி.டி.க்கு மனிதர்களில் மிகக் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். மனிதர்களில் உறுதியாக நிற்பது எது என்று கேட்டால் சிகரெட். 14 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2008-ல் பார்த்தார்கள், மொத்தம் 84,000 பிள்ளைகளுக்கு மேல். கர்ப்பத்தில் அம்மா புகைத்திருந்தால் பிள்ளைக்குப் பிற்காலத்தில் அதிக எடை வாய்ப்பு 1.5 மடங்கு. இதில் வேடிக்கை என்னவென்றால் இந்தப் பிள்ளைகள் பிறக்கும்போது எடை குறைவு. மெலிந்து பிறந்து, சில வருடங்களில் மற்றவர்களைத் தாண்டிப் போகிறார்கள்.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு வடக்கு மன்ஹாட்டன், தெற்கு பிராங்ஸ் பகுதிகளில் புகைக்காத கர்ப்பிணிகளுக்கு முதுகுப் பை ஒன்றைக் கொடுத்து, அதற்குள் காற்றை உறிஞ்சும் கருவியை வைத்து, இரண்டு நாள் போட்டுக்கொண்டு நடமாடச் சொன்னது. டீசல், நிலக்கரி, எது அரைகுறையாக எரிந்தாலும் வரும் பி.ஏ.எச். என்ற சேர்மங்களை அளப்பதற்காக. அந்த அளவு அதிகமாக இருந்த அம்மாக்களின் பிள்ளைகளுக்கு 7 வயதில் உடல் பருமன் வாய்ப்பு 2 மடங்குக்குமேல். அதாவது புகையிலை என்றில்லை, புகை எதுவானாலும் கவனிக்க வேண்டியிருக்கிறது.


கிராமச்செவிலி எழுதியது:

புகை என்றதும் உள்ளே வருகிறேன். துணை சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்ப்பதுதான் என் வேலை. டி.டி.டி., கப்பல் பெயிண்ட் எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்ணுக்குத் தினமும் மூக்கில் ஏறுவது விறகுப் புகை. எல்லா வீட்டிலும் சிலிண்டர் இருக்கிறது. டீ போடவும், விருந்தாளி வந்தால் அவசரத்துக்கும் அது. சோறு வடிக்க, குளிக்கத் தண்ணீர் காய வைக்க, மாட்டுக்குக் கஞ்சி காய்ச்ச எல்லாம் விறகுதான். காரணம் கேட்டால் சிலிண்டர் விலையைச் சொல்வார்கள். நான் அதற்குமேல் என்ன சொல்ல?

இதை வைத்து நம் மாநிலத்திலேயே பெரிய சோதனை ஒன்று நடந்தது தெரியுமா? ஹாப்பின் என்று பெயர். குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா என்று நான்கு நாடு, மொத்தம் 3,200 கர்ப்பிணிகள். இந்தியாவில் நடந்தது நாகப்பட்டினம், விழுப்புரம் பக்கம். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் 18 மாதம் இலவசம், மீதிப் பேர் வழக்கம்போல் விறகு. இலவசமாக வீடு தேடி வந்ததால் பெண்கள் விறகை ஏறக்குறைய விட்டேவிட்டார்கள். முதல் விஷயம், காசு பிரச்சினை இல்லையென்றால் எந்தப் பெண்ணும் விறகைக் கட்டிக்கொண்டு அழுவதில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.


சராசரிமனிதன் எழுதியது:

அக்கா, அந்தச் சோதனையின் முடிவையும் சொல்லுங்கள். 2022-ல் வந்தது. அந்தப் பெண்கள் சுவாசித்த நுண்துகள் விறகு வீட்டில் கன மீட்டருக்கு 70 மைக்ரோகிராம் சொச்சம், கேஸ் வீட்டில் 24, பெரிய சாதனைதான். குழந்தையின் பிறப்பு எடை? விறகு வீட்டில் சராசரி 2,898 கிராம், கேஸ் வீட்டில் 2,921. புள்ளியியல்படி வித்தியாசம் இருக்கிறது என்று சொல்ல முடியாத அளவு. ஒரு வயதில் வளர்ச்சிக் குறைவைப் பார்த்தார்கள், அதிலும் வித்தியாசம் இல்லை. சீட்டுப்போட்டுப் பிரித்துச் செய்த சோதனை இது, பழைய ரத்தத்தைத் தோண்டிப் பார்த்த கதை இல்லை. இதற்குப் பிறகும் கருவில் பட்ட மாசு என்று பேசுவது எப்படி?


வைகைக்கரை எழுதியது:

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவில் கல்பனா பாலகிருஷ்ணன் குழு, தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் 1,285 பேரைப் பின்தொடர்ந்து 2018-ல் ஒரு முடிவு வெளியிட்டது. நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் பிறப்பு எடை 4 கிராம் குறைகிறது. ஹாப்பினில் குறைந்தது சுமார் 47 மைக்ரோகிராம். 4.7-ஐ 4-ஆல் பெருக்கினால் 19 கிராம் வித்தியாசம் வரவேண்டும். வந்தது எவ்வளவு? மற்றவற்றைச் சரிக்கட்டியபின் 20 கிராம் வாக்கில்.

ஆக சோதனை "பாதிப்பே இல்லை" என்று சொல்லவில்லை. பாதிப்பு எவ்வளவு சின்னதாக இருக்கும் என்று முன்பே சொன்னோமோ அதே அளவில் வந்திருக்கிறது, அதை உறுதி செய்ய 3,200 பேர் போதவில்லை, அவ்வளவுதான். இன்னொன்று, பெண்களைச் சேர்த்ததே 9 வாரத்துக்கும் 20 வாரத்துக்கும் இடையில். உறுப்புகள் உருவாகும் முதல் வாரங்களில் எல்லோரும் விறகில்தான் சமைத்துக்கொண்டிருந்தார்கள். 24 மைக்ரோகிராம் என்பதும் சுத்தமான காற்று இல்லை, உலக சுகாதார நிறுவனம் ஆண்டுச் சராசரிக்குச் சொல்வது 5.


சராசரிமனிதன் எழுதியது:

கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் 20 கிராம் என்பது என்ன? குழந்தை ஒருமுறை ஒன்றுக்குப் போனால் போகிற எடை. அதை வைத்து நாற்பது வயது சுகரை எப்படி விளக்குவீர்கள்?


எலிக்கூண்டு எழுதியது:

விளக்க முடியாது, ஏனென்றால் பிறப்பு எடை என்பதே இந்தக் கேள்விக்குச் சரியான அளவுகோல் இல்லை. தராசில் ஏற்றுவது சுலபம் என்பதால் எல்லோரும் அதை அளக்கிறார்கள்.

புனே பக்கத்துக் கிராமங்களில் யாக்னிக் குழு செய்ததைப் பாருங்கள். அங்கே பிறக்கும் குழந்தை சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தை 3.5 கிலோ. தசை குறைவு, வயிற்று உறுப்புகள் சின்னவை. ஆனால் முதுகுப்பக்கம் தோலைக் கிள்ளிப் பிடித்து அளந்தால் கொழுப்பு பெரிதாகக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரிகிற கொழுத்த குழந்தை. அதே 2.7 கிலோவுக்குள் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு, கணையத்தில் இன்சுலின் செல் எத்தனை என்பது தராசுக்குத் தெரியாது. (அந்தப் புனே ஆய்வு மாசைப் பற்றியது இல்லை, அம்மாவின் சத்துணவு, வைட்டமின் பி12 பற்றியது. கலந்துவிடாதீர்கள்.)


கொங்குமண் எழுதியது:

இதில் பூச்சிமருந்தை மறந்துவிட்டீர்களே. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து ஆய்வு 2017-ல் வந்தது, கிராமங்களில் 3,080 பேரைப் பார்த்தார்கள், பூச்சிமருந்தோடு நேரடியாகப் புழங்குகிறவர்களுக்கு சுகர் 18.3 சதவீதம், புழங்காதவர்களுக்கு 6.2. ஆர்கனோபாஸ்பேட் மருந்தைக் குடலில் இருக்கும் பாக்டீரியா உடைத்து அசிடேட் ஆக்குகிறது, அதிலிருந்து கல்லீரல் சர்க்கரை தயாரிக்கிறது என்று எலியிலும் காட்டினார்கள். எங்கள் பக்கம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறும் காலோடுதான் மருந்து அடிக்கிறோம், பெண்கள் மறுநாளே களையெடுக்க இறங்குகிறார்கள், அதில் மசக்கையோடு இருக்கிறவளும் இருப்பாள்.


எலிக்கூண்டு எழுதியது:

முக்கியமான ஆய்வு, ஆனால் அது பெரியவர்களுக்குப் பட்டதைப் பற்றியது, வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆனது என்று அது பார்க்கவில்லை. நீங்கள் கடைசியில் சொன்ன அந்தப் பெண்ணைப் பற்றித்தான் நம்மிடம் யாரும் இருபது வருடம் பின்தொடர்ந்து எழுதி வைக்கவில்லை.

அப்புறம் எந்த மருந்தை ஆராய முடியும் என்பதிலேயே ஒரு ஓரவஞ்சனை இருக்கிறது. டி.டி.டி. உடம்பில் வருடக்கணக்கில் தங்கும், அதனால் 1960-ல் எடுத்த ஒரே ஒரு ரத்தக் குழாய் போதும். ஆர்கனோபாஸ்பேட், பிளாஸ்டிக்கில் இருக்கும் பி.பி.ஏ. போன்றவை ஒன்றிரண்டு நாளில் சிறுநீரில் போய்விடும். இன்றைக்கு அளந்தால் நேற்று தொட்டது தெரியும், போன மாதம் தெரியாது. அதனால் அவற்றின் முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு முரண்படும், அதைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று சொல்பவர்கள் அவசரப்படுகிறார்கள்.


நாலாம்மாசம் எழுதியது:

மூன்று நாளாக வாசித்துக்கொண்டே இருக்கிறேன், பெயரைப் பார்த்தாலே என் நிலைமை புரியும். சென்னையில் மெயின் ரோட்டை ஒட்டிய வீடு. நான்ஸ்டிக் தவா, பிளாஸ்டிக் டப்பா, கேன் தண்ணீர் எல்லாமே உண்டு. எதைத் தூக்கிப் போட? வீட்டில் ஏற்கெனவே பப்பாளி, அன்னாசி, கிரகணம் என்று ஒரு பட்டியல் ஓடுகிறது. இப்போது நீங்கள் ஒரு பட்டியல் கொடுக்கிறீர்கள். நாளைக்குப் பிள்ளை குண்டாக இருந்தால் அதற்கும் நான்தான் காரணமா?


எலிக்கூண்டு எழுதியது:

இல்லைம்மா. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நான்ஸ்டிக்: கவலை தவாவைவிட அதைத் தயாரிக்கப் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. என்ற பொருளைப் பற்றியது. அது முக்கியமாகத் தண்ணீர், உணவு வழியாகச் சேருகிறது. டென்மார்க்கில் ஆர்ஹுஸ் ஊரில் 1988, 89-ல் கர்ப்பமாக இருந்த 665 பேரின் பிள்ளைகளை 20 வயதில் பார்த்தபோது, அம்மா ரத்தத்தில் இது அதிகம் இருந்த மகள்களுக்கு அதிக எடை வாய்ப்பு 3 மடங்கு. அதே நாட்டில் வேறொரு பெரிய ஆய்வில் 7 வயதுப் பிள்ளைகளிடம் இது தெரியவில்லை. வயது வித்தியாசமா, தற்செயலா, விவாதம் ஓடுகிறது. வீட்டில் இரும்பு தோசைக்கல் இருந்தால் அதில் சுடுங்கள், இல்லையென்றால் தூக்கம் கெட வேண்டாம்.

பிளாஸ்டிக்: சூடான குழம்பை அதில் ஊற்றாதீர்கள், அதிலேயே மைக்ரோவேவில் வைக்காதீர்கள். சில்வர் டப்பா போதும். பி.பி.ஏ.வுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் தாங்கும் அளவை 20,000 மடங்கு குறைத்தது. அது எதிர்ப்புசக்தி செல்களை வைத்து எடுத்த முடிவு, பருமனை வைத்து இல்லை. ஜெர்மனியின் ஆணையம் அதிலேயே உடன்படவில்லை. பெரியவர்களே அடித்துக்கொள்கிற விஷயத்துக்கு நீங்கள் ராத்திரி விழித்திருக்கத் தேவையில்லை.

ரோட்டுப் புகை: அதற்கு நீங்கள் தனியாகச் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம்.


வைகைக்கரை எழுதியது:

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும், இதைத்தான் ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க நினைத்தேன். ஸ்வீடனில் தாய்ப்பாலை எடுத்துப் பல வருடமாகச் சோதித்து வருகிறார்கள். 1970-களிலிருந்து டி.டி.டி. அளவு மளமளவென்று இறங்கியது. எந்தத் தாயும் எதையும் விலக்கியதால் இல்லை, அரசாங்கம் தடை செய்ததால். டி.பி.டி. அப்படித்தான், பெட்ரோலில் இருந்த ஈயம் அப்படித்தான். கர்ப்பிணிக்குக் கொடுக்கும் பட்டியலால் குறைந்த மாசு என்று ஒன்றை யாராவது காட்டுங்கள் பார்க்கலாம்.


சராசரிமனிதன் எழுதியது:

இதில் உங்களோடு சண்டையே இல்லை. சான்று அரைகுறையாக இருக்கும்போது கெடுபிடி யார் மேல் விழவேண்டும் என்றால், தயாரிக்கிறவன் மேல். ஆனாலும் பருமனுக்கும் சுகருக்கும் இதைப் பெரிய காரணம் என்று சொல்ல நான் இன்னும் தயாரில்லை. ஹாப்பின் பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. அம்மா எவ்வளவு புகை சுவாசித்தாள் என்று எழுதி வைத்த கணக்கு கையில் இருக்கிறது. பத்து வயதில் அவர்களுக்குக் கொழுப்பு, இன்சுலின், சுகர் அளந்தால் நம் தகராறு தீரும். எடையை மட்டும் போட்டுவிட்டு வந்தால் தீராது.


கிராமச்செவிலி எழுதியது:

நாலாம்மாசம் தங்கைக்கு: இவ்வளவு வேதிப்பொருள் பேசினார்கள், அம்மாவின் சுகரை யாரும் பேசவில்லை. கர்ப்பத்தில் வரும் சுகர் கட்டுக்குள் இல்லாவிட்டால் பிள்ளைக்குப் பிற்காலத்தில் பருமனும் சுகரும் வரும் வாய்ப்பு கூடும், இதற்குச் சான்று மேலே சொன்ன பலவற்றைவிட பலமானது. நம் ஊர் டாக்டர் சேஷய்யா கொண்டுவந்த முறைதான் இன்றைக்கும்: 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்போம், 140-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்ப கால சுகர். வெறும் வயிறு வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. முதல் தடவை வரும்போதே ஒன்று, அது சரியாக இருந்தாலும் 24-லிருந்து 28 வாரத்துக்குள் மறுபடி ஒன்று.


நாலாம்மாசம் எழுதியது:

முதல் டெஸ்ட் எடுத்தாயிற்று அக்கா, 112. இன்னொரு கேள்வி. தாய்ப்பாலில் டி.டி.டி. இருக்கிறது என்று மேலே எழுதியிருக்கிறாரே, அப்போது தாய்ப்பால்?


கிராமச்செவிலி எழுதியது:

தாராளமாகக் கொடுங்கள். சீம்பாலில் ஆரம்பித்து ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் இணை உணவோடு இரண்டு வயது வரை. பாலைச் சோதித்த நாடுகளிலும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. 112 நல்ல எண். அடுத்த டெஸ்டுக்குத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், வளைகாப்பு அலைச்சலில் பலர் அதைத்தான் தவறவிடுகிறார்கள்.